சினியோராவின் தோணிக்காரர்

பலெர்மோவில் நான் வேலை செய்த வீடுகளுக்குள் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் இருந்த அந்த வீட்டின் படிகளை மட்டும் என் முழங்கால்கள் இன்னும் மறக்கவில்லை. வீடு நான்காம் மாடியில். லிப்ட் இருந்தது, இரும்புக் கம்பிக் கதவுடன் ஒரு பழைய கூண்டு. அது ஓடிய நாட்களைவிட ஓடாத நாட்களே அதிகம். கோடையில் குழாயில் தண்ணீர் வராத நாட்களும் இருந்தன. அப்போது தண்ணீர்ப் போத்தல்களையும் மரக்கறிப் பையையும் இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சுவாங்கி ஏறவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் மனைவியும் சீசா என்ற பகுதியில் இரண்டு அறைகளில் இருந்தோம். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். அந்த வீட்டு மூதாட்டியான சினியோராவைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, தலை இழுத்துக் கதிரையில் இருத்துவது மனைவியின் வேலை. அது முடிந்ததும் அவள் வேறு வீடுகளுக்குத் துப்புரவு செய்யப் போய்விடுவாள். சமையல், கடை, மருந்து, மாலைவரை துணை, இவை என்னுடையவை. மாலையில் சந்திக்கும்போது இருவருக்கும் பேச்சு வராது. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிடுவாள். இறங்கும் இடம் தவறாமல் பார்க்கவேண்டியது என் பொறுப்பு.

சினியோரா, அதாவது அம்மணி, என்று அழைத்தோமே தவிர அவர் இத்தாலியர் அல்ல. அயர்லாந்துக்காரி. குமரியாக இருந்தபோது ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர், இந்த ஊர் வக்கீல் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. நான் வேலைக்குப் போவதற்குச் சற்று முன்புதான் வக்கீல் இறந்திருந்தார். சினியோராவுக்கு எண்பது வயதளவு. கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் நிழல் தெரியும், எழுத்துத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்பதால்தான் அந்த வேலை கிடைத்தது. அவர் என்னுடன் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அவர் சொன்னவற்றை நான் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அவை அப்படித்தான் ஞாபகத்தில் நிற்கின்றன.

முதல் சில மாதங்கள் அவருக்குப் பத்திரிகை வாசித்தேன். ஒருநாள் மத்தியானம் பத்திரிகையைக் கையால் விலக்கினார்.

"இதை விடும். எனக்குக் கொஞ்சம் கடிதம் எழுதவேணும். நீர் எழுதுவீரோ?"

"ஆருக்கு, சினியோரா?"

"எனக்கும் தெரியாது. அயர்லாந்திலை ஆர் பழைய பதிவுகளை வைச்சிருக்கினமோ, அவைக்கு."

பிறகு காரணத்தையும் சொன்னார். கணவரின் அடக்கத்தன்று, கல்லறைக்கு முன்னால், வக்கீலின் தங்கை பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னாளாம், "இவள் எங்கிருந்து வந்தவள் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது" என்று. வக்கீல் குடும்பத்துக் கல்லறையில் கொள்ளுப்பாட்டன்கள் வரை பெயரும் படமும் வைத்திருந்தார்கள். சினியோராவுக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது, தனக்கும் அது தெரியாது என்பதுதான் மனதில் வந்தது.

"தகப்பன் பேர் தெரியும், தாய் பேர் தெரியும். தகப்பன் மேற்குக் கரையிலை மேயோ எண்ட பக்கத்திலையிருந்து வந்தவர். அவ்வளவுதான். அவர் அங்கத்தையான் கதை ஒண்டும் கதைக்கமாட்டார். எண்பது வயசிலை எனக்கு என்ரை பாட்டன்ரை பேர் தெரியாது. வெக்கமில்லையோ?"

எனக்கு அன்று இது பெரிய விஷயமாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால் அலுப்பாகத்தான் இருந்தது. ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் விடியமுன் போய் வரிசையில் நிற்பவனிடம் வந்து, செத்துப்போன அயர்லாந்துக்காரரைத் தேடித் தரச் சொன்னால்? ஆனாலும் கடிதம் எழுதுவது துடைப்பதிலும் இலகுவான வேலை. இருந்து செய்யலாம். எழுதினேன்.

டப்ளினில் உள்ள பதிவுக் கந்தோருக்கு முதல் கடிதம் போனது. பதில் வர வாரங்கள் ஆயின. அவருடைய தகப்பனின் பெயரில் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், தகப்பனைப் பெற்ற தாயின் கன்னிப்பெயர் தெரிந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதுதானே தெரியாது! சினியோரா கதிரையின் கையைத் தட்டித் தட்டி யோசித்தார். கடைசியில் பின்னாலிருந்து தொடங்குவதென்று தீர்மானித்தோம். அவருடைய தாய் தகப்பனின் விவாகப் பதிவைக் கேட்டோம். அது வந்தது. அந்த நாட்டு விவாகப் பதிவில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும். பெயர் இருந்தது. தொழில், கூலி.

"வாசியும்," என்றார் சினியோரா.

வாசித்தேன்.

"திருப்பி வாசியும்."

பாட்டனின் பெயர் எண்பது வயதில் முதல்முறையாக அவர் காதில் விழுந்தது. அவர் தேத்தண்ணி கேட்டார். நான் குசினியிலிருந்து திரும்பி வந்தபோது அந்தப் பெயரைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயில் ஒரு புதுப் பண்டத்தை வைத்துப் பார்ப்பதுபோல.

அதற்குப் பிறகு அலுப்பு எனக்கு மட்டும்தான். அவர் உற்சாகமாகிவிட்டார். பாட்டன் பெயரை வைத்துத் தகப்பனின் பிறப்புப் பதிவை எடுத்தோம். அதில் பாட்டியின் கன்னிப்பெயரும், பிறந்த சிற்றூரின் பெயரும் இருந்தன. பாட்டனும் பாட்டியும் கட்டிய பதிவில் பாட்டனின் தகப்பன் பெயர் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கடிதம், ஒரு காத்திருப்பு. அயர்லாந்துத் தபாலை இத்தாலித் தபால் எங்கேயோ ஒரு மூலையில் வைத்து ஊறப்போட்டுவிட்டுத்தான் தரும். கடிதம் வராத நாட்களில் சினியோரா என்னைக் கீழே அனுப்பி, காவலாளியிடம் தவறுதலாக வேறு பெட்டியில் போட்டுவிட்டாரா என்று கேட்கச் சொல்வார். நாலு மாடி இறங்கி, நாலு மாடி ஏறி வருவேன். "இல்லை" என்ற ஒரு சொல்லுக்காக.

அந்த நாட்களில் மனைவி பிள்ளைத்தாச்சி. சினியோராவைத் தூக்கி இருத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பின்னேரத்தில் என் இடுப்பும் அவள் கால்களும் ஒரேமாதிரிக் கடுக்கும். இரவு படுக்கும்போது அவள் கேட்பாள்:

"இண்டைக்கு ஆர் வந்தது? பாட்டனோ, பூட்டனோ?"

"பூட்டன்."

"எங்கடை பூட்டன்ரை பேர் உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அரசாங்கப் பதிவு ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்குக்குப் பிறகுதான். அதற்கு முந்தியவர்கள் கோயில் புத்தகங்களில் மட்டும் இருக்கிறார்கள். ஞானஸ்நானம், கலியாணம். பழைய குடிசன மதிப்புப் பத்திரங்கள் எல்லாம் டப்ளினில் ஒரு சண்டைக்காலத்தில் எரிந்துபோய்விட்டன என்று ஒரு பதிலில் எழுதியிருந்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாண நூலகம் எரிந்த காலம் மனதில் வந்து போனது. சினியோராவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதை விளக்கவேண்டும், விளக்க எனக்குத் தெம்பில்லை.

பாட்டன் அறுபத்து நான்குக்கு முந்திப் பிறந்தவர். ஆகவே மேயோவில் அந்தப் பங்குக் கோயிலுக்கு எழுதினோம். பங்குக் குருவானவரின் கந்தோரில் வேலைசெய்யும் ஒரு பெண் பதில் எழுதினாள். நல்ல உருண்டை எழுத்து. தானே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததாகவும், ஒரு சிக்கல் இருப்பதாகவும் எழுதியிருந்தாள். அந்தப் பெயரில் ஒரு வருட இடைவெளிக்குள் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன்மாருக்கும் ஒரே பெயர். தாய்மாருக்கும் ஒரே பெயர். ஒரு தாயின் கன்னிப்பெயர் எழுதியிருக்கிறது, மற்றதில் ஈரம் பட்டு மை ஊறிவிட்டது. ஊரின் பெயரை அந்தக்காலக் குருவானவர் இரண்டிலும் எழுதவில்லை. ஞானப்பெற்றோரின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

"உங்கள் பாட்டனார் இவர்களில் ஒருவர்தான். எந்த ஒருவர் என்று புத்தகம் சொல்லாது," என்று முடித்திருந்தாள்.

சினியோரா அன்று சாப்பிடவில்லை. பகல் முழுக்க யன்னல் பலகைகளைச் சாத்தச் சொல்லி இருட்டில் இருந்தார். வெளியே சிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தக் காற்றில் தெரு முழுக்க மஞ்சள் தூசி. மாலையில் நான் புறப்படும்போது சொன்னார்:

"ரெண்டிலை ஒண்டை எடுத்து வைச்சிட்டு விடுவம். ஆர் வந்து பாக்கப்போகினம்?"

நானும் "ஓம்" என்றேன். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலை அவர் குளித்து முடித்ததும், தலைமயிர் ஈரம் காயமுன், "அந்தப் பெட்டைக்குப் போன் எடும்," என்றார். கடிதத் தலைப்பில் இலக்கம் இருந்தது.

எடுத்தேன். சினியோரா என்னையே பேசச் சொன்னார். அந்தப் பெண்ணின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கியது. என் ஆங்கிலம் அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பலெர்மோவிலிருந்து யாழ்ப்பாணத்தான் ஒருவன் தங்கள் ஊர்ப் பழைய குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறான் என்பது அவளுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் எடுத்தது. பிடிபட்டதும் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சினியோராவுக்குச் சொன்னேன்:

"அந்த ஊரிலை பாதிப்பேருக்கு ஒரே குடும்பப் பேராம். அதாலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பேர் இருந்ததாம். புத்தகத்திலை குருமார் அதை எழுதிறேல்லையாம். ஆனா சனம் அதைச் சொல்லித்தான் கூப்பிடுமாம். உங்கடை ஆக்களுக்கு என்ன பட்டப்பேர் எண்டு கேக்கிறா."

பட்டப்பெயர் எனக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்திலும் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் பட்டப்பெயரைக் கேட்டுத்தான் தபால்காரர் கடிதம் கொடுப்பார். ஆனால் சினியோராவின் முகம் மாறியது. போனில் அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்றாள். நான் "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

"எனக்குத் தெரியாது," என்றார் சினியோரா. பிறகு, "ஒரு சொல்லுத் தெரியும். ஆனா அது கூடாத சொல்லு."

"என்ன சொல்லு?"

"நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை, மேற்கிலையிருந்து ஒரு கிழவன் எங்கடை வீட்டு வாசலிலை வந்து நிண்டு அப்பாவைக் கூப்பிட்டவன். பேர் சொல்லாமல் ஒரு சொல்லுச் சொல்லிக் கூப்பிட்டான். அப்பா ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிச்சார். அண்டைக்கு மேசையிலை இருந்து சாப்பிடேக்கை நான் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னன். அம்மா எனக்குக் கன்னத்திலை அறைஞ்சா. அப்பா கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போட்டார். அது தூஷணம் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சன். என்ரை மனுசனுக்குக்கூடச் சொன்னதில்லை."

நான் ரிசீவரை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அவ பாவம், கோயில் பெட்டை," என்றார். நான் ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார். அது ஐரிஷ் மொழி. தொண்டையில் தொடங்கி உதட்டில் முடிகிற ஒரு ஓசை. அதைத் தமிழில் எழுத எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்திலிருந்து அந்தப் பெண் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

சினியோரா கேட்டுக்கொண்டிருந்தார். "ஓ... ஓ... ஓம்..." என்று மட்டும் சொன்னார். பிறகு ரிசீவரை என்னிடம் தள்ளிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் பயந்துபோய், அந்தப் பெண்ணிடம் பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். அருகே போய்ப் பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அழுதும் இருந்தார்.

"தோணிக்காரர்," என்றார். "நாங்கள் தோணிக்காரராம். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு வேறை ஒரு கருத்தும் இல்லையாம்."

அந்த ஊரில் கடல் ஒரு விரலைப்போல நிலத்துக்குள் நீண்டு வருமாம். அதைக் கடக்க ஒரு குடும்பம் தோணி விட்டது. சந்தைக்கும் பூசைக்கும் போகிறவர்களை ஏற்றி இறக்கியது அவர்கள்தான். ஆகவே தோணிக்காரர். அதே குடும்பப் பெயருடைய மற்ற வீட்டார் மலைப்பக்கத்தவர்கள். அவர்களுக்கு வேறு பட்டப்பெயர். மை ஊறிய பதிவில் ஞானத்தகப்பனாக நின்றவர் அந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று அந்தப் பெண் பின்னர் தேடிப் பார்த்து எழுதினாள். கரைப்பக்கத்தவர்கள் ஞானப்பெற்றோரையும் கரையிலேயே பிடித்துக்கொள்வார்களாம். அப்படியானால் அந்தப் பிள்ளைதான் சினியோராவின் பாட்டன். அவருக்கு முந்தியவர்களைத் தேட வழி இல்லை, அந்தக் கோயிலின் புத்தகங்கள் அதற்குச் சற்று முன்புதான் தொடங்குகின்றன.

தாய் ஏன் அறைந்தாள் என்பதைப்பற்றி சினியோரா அந்தக் கிழமை முழுவதும் கதைத்தார். தாய் பட்டணத்துப் பெண். தையல்கடைக்காரர் மகள். ஐரிஷ் பேசுகிற, வெறுங்காலுடன் திரிகிற மேற்குக்கரை ஆட்களிலிருந்து தன் புருஷனைப் பிரித்தெடுத்து, ரயிலில் ஒரு உத்தியோகத்தில் இருத்தியவள் அவள். அந்த வாசலில் நின்ற கிழவன் அந்த உழைப்பையெல்லாம் ஒரு சொல்லால் அழித்துவிடுவான் என்று பயந்திருக்கவேண்டும்.

"அவவும் களைச்சிருப்பா," என்றார் ஒருநாள். "மனுசனை மாத்திறது லேசான வேலையே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வக்கீலின் தங்கை வந்தாள். மாதத்தில் ஒருமுறை அவள் வருவது வழக்கம். நான் கோப்பி போட்டுக்கொண்டிருந்தேன். சினியோரா இத்தாலியனில், நிமிர்ந்திருந்து, தன் குடும்பம் மேயோவின் கரையில் தோணி ஓட்டிய குடும்பம் என்று சொல்வது குசினிக்குக் கேட்டது.

"தோணி ஓட்டிகளா? அப்படியா?" என்றாள் அவள். ஏதோ மீன்காரர் என்பதுபோல. பிறகு லிப்ட் திருத்த ஆட்கள் வரமாட்டார்களா என்று கேட்டாள்.

அவள் போனபிறகு சினியோரா மனம் வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நல்ல பசியோடு சாப்பிட்டார்.

அந்த வருடம் ஒக்ரோபர் முடிவில் யாழ்ப்பாணத்தில் சனம் இடம்பெயர்ந்தது. ஒரே இரவில், மழையில், ஊர் முழுவதும் பாலத்தைக் கடந்து போனதாகக் கேள்விப்பட்டோம். என் தகப்பனும் தாயும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. வியா மக்வேதா என்ற தெருவில் எங்கள் ஆட்கள் கூடும் ஒரு போன் கடை இருந்தது. வேலை முடிய அங்கே போய் நிற்பேன். யாருக்காவது வன்னியிலிருந்து ஒரு செய்தி வந்திருக்குமா என்று. எல்லோரும் மற்றவரிடம் கேட்க வந்தவர்களாகவே இருந்தார்கள். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரத்தில் நிற்பாள். பிறகு இருவரும் நடந்தே சீசாவுக்குப் போவோம்.

அப்படியான ஒரு நாளில்தான் அயர்லாந்திலிருந்து ஒரு படம் வந்தது. கோயில் கந்தோர்ப் பெண் தன் சைக்கிளில் அந்தக் கரைக்குப் போய்த் தோணிக்காரர் வீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். குடும்பத்தில் இப்போது அங்கே ஒருவரும் இல்லை. பாலம் கட்டியபிறகு தோணிக்கு வேலையில்லாமல் போயிற்று. மிஞ்சிய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள்.

சினியோரா படத்தைக் கையில் வைத்துத் தடவினார். "என்ன தெரியுது? சொல்லும். ஒண்டையும் விடாதையும்."

"கல்லுச் சுவர், சினியோரா. நாலு பக்கமும் நிக்குது. கதவு நிலை இருக்கு, கதவு இல்லை. உள்ளுக்கு இடுப்பளவு செடி. ஒரு மாடு சுவர் ஓரமா நிக்குது. பின்னாலை தண்ணி. கூரை..."

நான் நிறுத்திவிட்டேன்.

"கூரை?"

"இல்லை."

"ஏன் நிப்பாட்டினீர்?"

வேறு நாளென்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அன்று முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது என்றேன். தாய் தகப்பன் எங்கே என்று தெரியாது என்றேன். அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து அவ்வளவு காலமாகியும் நான் சொந்த வீட்டைப்பற்றிப் பேசியது அதுதான் முதல்முறை.

அவர் "சுவர் நிக்குமோ?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது."

"இஞ்சை வந்து இரும்," என்றார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் நான் அதுவரை இருந்ததில்லை. இருந்தேன். தெருவில் வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் அப்படியே இருந்தபடி நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது சமையல் நேரம் தாண்டியிருந்தது. அவர் என்னை எழுப்பவில்லை.

தாய் தகப்பன் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்ற செய்தி தைமாதம் வந்தது. மாசியில் மகள் பிறந்தாள். பிறப்பைப் பதிய நகரசபைக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் என் பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு, குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் தகப்பனின் பெயரை எழுதினார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அது என் தகப்பனின் பெயர், மகளுக்கு என் பெயர்தான் முன்னால் வரவேண்டும் என்று என் அரைகுறை இத்தாலியனில் சொல்லிப் பார்த்தேன். அவர் களைத்துப்போன மனிதர். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. "பாஸ்போட்டில் இருப்பதுதான் குடும்பப் பெயர்," என்றார். முத்திரை குத்தினார்.

வீட்டில் மனைவிக்குக் கோபம்.

"பிள்ளையின்ரை பேரோடை உங்கடை பேர் இல்லையே? உங்கடை அப்பாவின்ரை பிள்ளை மாதிரிக் கிடக்கு."

"நான் என்ன செய்ய? அவன் கேக்கிறான் இல்லை."

மறுநாள் சினியோராவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்:

"இனி உங்கடை குடும்பம் உம்மடை தகப்பனிலையிருந்துதான் தொடங்கும். நூறு வருசம் கழிச்சு ஆரும் இஞ்சை தேடினால், அவருக்கு முன்னாலை புத்தகம் இருக்காது. அவரோடை எல்லாரும் முட்டுப்பட்டு நிப்பினம்."

கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாயில் படுத்திருக்கும் என் தகப்பன், இத்தாலியில் ஒரு வம்சத்தின் தலைவராகிவிட்டார். அவருக்கு அதை எழுதவில்லை.

மகளுக்கு நடக்க வந்த காலத்தில் சினியோரா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வரவில்லை. நகரத்துக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் மனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். வீட்டைப் பூட்டினார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் அந்த வேலை போயிற்று. மனைவி ஒரு வங்கியின் படிகளைத் துடைக்கப் போனாள். எனக்கு ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவக் கிடைத்தது. கைத்தோல் ஊறி வெள்ளையாகிவிடும்.

முதியோர் மனைக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். சில தடவைகள் போனோம். கடைசியாகப் போனபோது அவர் சின்னவராகிப் போயிருந்தார். மகளின் தலையைத் தடவிப் பார்த்தார். தேடிச் சேர்த்த கடிதங்களும் பிரதிகளும் அவர் கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் இருந்தன.

"இதை அந்தப் பெட்டைக்கு அனுப்பிவிடும்," என்றார். "இஞ்சை கிடந்தால் குப்பையிலை போடுவினம். அங்கை ஒரு மேசை லாச்சியிலை கிடக்கட்டும்."

"வேறை ஏதும் எழுதவேணுமோ, சினியோரா?"

யோசித்தார். "நான் பெரிய ஆள் எண்டு எழுதவேண்டாம். தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒண்டு பலெர்மோவிலை இருந்தது எண்டு எழுதும். மனுசன் நல்லவர் எண்டும் எழுதும்."

அப்படியே எழுதி அனுப்பினேன். அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்தார். எங்களுக்குத் தெரியவந்தது அடக்கம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு. வேலையில் லீவு கிடைத்த நாளில் போய் ஒரு பூ வைத்துவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு நான் அயர்லாந்தை மறந்துவிட்டேன். மறப்பதற்குக் காரணங்கள் எவ்வளவோ இருந்தன. ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கும். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. எங்கள் சீசா விலாசம், அதே உருண்டை எழுத்து. அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண் தங்கள் கோயிலுக்கு வந்தாள் என்றும், அவளுடைய பாட்டி தோணிக்காரர் வீட்டில் பிறந்தவள் என்றும் எழுதியிருந்தாள். தான் லாச்சியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தபோது அந்தப் பெண் கோயில் மரவாங்கிலேயே இருந்து எல்லாவற்றையும் வாசித்தாளாம். பலெர்மோவில் கடிதம் எழுதியவர் யார் என்று கேட்டாளாம். "உங்களைப்பற்றி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல சிநேகிதர் என்று சொன்னேன்," என்று இருந்தது.

வாசித்துக் காட்ட ஆளில்லை. மனைவி குசினியில் நின்றாள். அவளுக்கே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுஸ்திரேலியாவோ?" என்றாள். "அவ்வளவு தூரத்திலையிருந்தோ?"

"ஓம்."

"சினியோரா இருந்திருந்தால் உங்களைக் கொண்டு உடனை போன் எடுப்பிச்சிருப்பா." கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி, இஞ்சாருங்கோ, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. பிள்ளை நித்திரை கொள்ள முந்திச் சாப்பிடுவம்."

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.